முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை

2017 ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டின் விலைக்கு மத்திய அரசு உச்சவரம்பு விதித்தது. ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக நலம் விசாரிக்க வருகிறவர்களின் ஆலோசனைக்கு மட்டும் இன்னும் வரம்பில்லை. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்த அன்றோ மறுநாளோ மருத்துவமனையில் வாக்கர் பிடித்து நடந்தவரை, வீட்டுக்கு வந்ததும் "அசையவே கூடாது" என்று கட்டிலில் கிடத்துவதுதான் நம் பாசம். கூடவே முழங்காலுக்கு அடியில் மெத்தென்று ஒரு தலையணை. சுகமாகத்தான் இருக்கும், ஆனால் அப்படியே வைத்திருந்தால் கால் மடங்கிய வாக்கிலேயே இறுகி, முழுசாக நீட்ட வராமல் போகும். வைத்தே தீர வேண்டுமென்றால் குதிகாலுக்கு அடியில் வைக்கலாம்.

"வெட்டித் தைத்த காலுக்கு ஓய்வு வேண்டாமா?" என்பார்கள். வேண்டும்தான், நடைக்கும் நடைக்கும் நடுவில். படுத்தே கிடந்தால் கெண்டைக்கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. "வலிக்கிறதே" என்பது அடுத்த வாதம். அதற்குத்தான் பயிற்சிக்கு முன்பே போட்டுக்கொள்ளச் சொல்லி மாத்திரை தருகிறார்கள். நாற்காலியிலிருந்து சிரமமில்லாமல் எழவே முழங்கால் 90 டிகிரிக்கு மேல் மடங்க வேண்டும். அந்த மடக்கைப் பிசியோதெரபிதான் தரும், ஆட்டுக்கால் சூப் தராது. ஆகவே, பார்க்கப் போனால் கட்டில் ஓரம் உட்கார்ந்து ஊர்க்கதை பேசாமல், அவரோடு கூடத்தில் நாலு நடை நடந்துவிட்டு வாருங்கள்.