கூரை திறக்கும் வண்டிகள்

ஜெர்மனியில் வீடன்ப்ரூக் என்ற சிற்றூரில் யோஹான் பெர்ன்ஹார்ட் க்னோபெல் என்ற கொல்லர் 1844இல் பட்டறை போட்டார். குதிரை வண்டி செய்தார்கள். பிறகு காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் டிரெய்லர். பெயர் வெஸ்ட்ஃபாலியா. 1951இல் ஃபோக்ஸ்வாகன் வேனுக்குள் தூக்கி வைக்கிற மாதிரி ஒரு மரச்சாமான் செட் செய்து, கேம்பிங் பாக்ஸ் என்று விற்றார்கள். வாரநாளில் அதைக் கழற்றிவிட்டுச் சரக்கு ஏற்றலாம். சனிக்கிழமை மாட்டிக்கொண்டு பெண்டு பிள்ளைகளோடு கிளம்பலாம். உலகம் அதைப் பெரிய கண்டுபிடிப்பு என்றது.

எங்கள் அப்பாவும் சாமளாபுரத்தில் இதையேதான் செய்தார். உலகம் கண்டுகொள்ளவில்லை.

எங்களுக்கு விசைத்தறி, கூலிக்கு ஓட்டுவது. ஒரு பழைய மெட்டடார் வேன் இருந்தது. வாரம் முழுக்க சோமனூருக்கும் பல்லடத்துக்கும் நூலும் துணியும் சுமக்கும். பழனிக்குப் போகிற அன்று பீஸ்களை இறக்கி, பஞ்சைக் கூட்டித் தள்ளி, பலகை போட்டு, பவானி ஜமுக்காளம் விரித்தால் தீர்ந்தது. அம்மிச்சி, அத்தை, ஏழெட்டு வாண்டுகள், பம்ப் ஸ்டவ், கட்டுச்சோறு. ராத்திரி அதிலேயே படுக்கை.

“லாட்ஜுக்கு எதுக்குக் காசு? வண்டி நம்முளுது” என்பார் அப்பா.

“வண்டி நம்முளுது, சரீங்க. கொசுவும் நம்முளுதுங்களா?” என்பார் அம்மா.

அப்பாருவுக்கு இந்த வசதியும் இல்லை. கூண்டு வண்டி கட்டிக்கொண்டு கன்னபுரம் மாட்டுச் சந்தைக்குப் போனால், திரும்பும்வரை வண்டிதான் வீடு. அந்த வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவதை நின்று பார்த்திருக்கிறேன். மர ஆசாரி முடித்துக் கொடுத்த சக்கரத்தைவிட இரும்பு வளையம் ஒரு பொட்டு சின்னதாகவே இருக்கும். வறட்டி அடுக்கித் தீ மூட்டி, வளையம் சிவந்து விரிந்ததும் ஆளுக்கொரு பக்கம் குறட்டால் தூக்கிவந்து சக்கரத்தின்மேல் இறக்குவார்கள். மரம் புகையும், ஓரத்தில் தீப்பிடிக்கும். உடனே குடம் குடமாகத் தண்ணீர். வளையம் சுருங்கச் சுருங்க ஆரக்கால்கள் ‘படக் படக்’கென்று இறுகும் சத்தம் கேட்கும். அதன்பிறகு பாறையில் ஏற்றினாலும் கழலாது.

இரும்பும் மரமும் இப்படிக் கைவந்தவர்கள் இருந்தும் எங்கள் ஊர்ப் பட்டறை எதுவும் கம்பெனி ஆகவில்லை. பஸ் பாடி கட்டும் தொழில் கரூரில் கொடிகட்டிப் பறந்தது. கோவையில் கோயாஸ் என்ற குடும்ப நிறுவனம் கட்சித் தலைவர்களுக்குப் பிரசார வேன் செய்வதில் பெயர் வாங்கியது. கூரையைத் திறக்கும் வித்தை இரண்டு நாட்டிலும் உண்டு. அங்கே கேம்பர் வேனில் திறப்பது தூங்க, இங்கே பிரசார வேனில் திறப்பது கும்பிட.

வெஸ்ட்ஃபாலியாவின் பிற்பாடு இன்னும் வேடிக்கை. அதை ஃபோக்ஸ்வாகனின் போட்டிக் கம்பெனியான டெய்ம்லர்-கிரைஸ்லர் வாங்கிப்போட்டது. விடுவார்களா? 2003இல் வந்த புது மாடலிலிருந்து ஃபோக்ஸ்வாகன் தன் கேம்பர் வேனைத் தானே செய்துகொண்டது. 2010இல் வெஸ்ட்ஃபாலியா நொடித்துப்போய், ரபிடோ என்ற பிரெஞ்சுக் கம்பெனியிடம் சேர்ந்தது. ரபிடோ, 1961இல் ஒரு தச்சர் தொடங்கியது. கொல்லர் வீட்டுச் சொத்து தச்சர் வீட்டுக்குப் போயிற்று.

அப்பாவின் பலகையை இன்று யாராவது நிரந்தரமாகப் பொருத்தினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதில் சொல்ல வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கேரவனுக்கென்று ஏ.ஐ.எஸ்.-124 என்ற தனித் தரவிதி இருக்கிறது. பக்கத்துக் கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்குக் கொள்கையே அறிவித்தது. லாட்ஜுக்குக் காசில்லாதவன் வண்டியில் படுத்த காலம் போய், லாட்ஜையே வாங்கக்கூடியவன் வண்டியில் படுக்கும் காலம்.

என் பங்காளி மகன், பனியன் எக்ஸ்போர்ட்டர், முறைப்படி பதிவு செய்த கேரவன் ஒன்று வாங்கியிருக்கிறான். ஏசி, ஃப்ரிட்ஜ், டிவி, கக்கூஸ், மடக்குக் கட்டில் எல்லாம் உண்டு. செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டுத்தான் என்னை ஏறவிட்டான்.

“எங்கெங்க போனே கண்ணு?”

“எங்கீங்க பெரியப்பா, இந்த ஷிப்மென்ட் முடியட்டுங்க.”

அந்த ஷிப்மென்ட்டின் கடைசி நாளில் லோடு வண்டி கிடைக்கவில்லை. மடக்குக் கட்டிலில் டி-ஷர்ட் பெட்டிகள் ஏறின. டிரைவர் வழக்கம்போல ஏசியைப் போட்டார். சரக்கு குளுகுளுவென்று தூத்துக்குடி போய்ச் சேர்ந்தது.