உங்கள் சொத்து நலமாக உள்ளது

பெறுநர்: தகவல் தொழில்நுட்பப் பிரிவினர், தலைமை அலுவலகம், கோலாலம்பூர்.

பொருள்: பெங்களூரில் உள்ள தங்கள் மடிக்கணினியும் அதைச் சுமக்கும் ஊழியனும் – தொடர்பாக.

மாண்புமிகு பிரிவினரே,

ஆண்டுச் சொத்துக் கணக்கெடுப்புப் படிவம் கிடைத்தது. திரையில் கீறல் உண்டா, கீல் தளர்ந்ததா, எந்த எழுத்து தேய்ந்தது, இரவில் எங்கே வைக்கப்படுகிறது என்று பக்கம் பக்கமாகக் கேட்டிருக்கிறீர்கள். கட்டிக்கொடுத்த மகளைப் பற்றிக்கூட யாரும் இவ்வளவு துருவித் துருவி விசாரிக்கமாட்டார்கள். சுமப்பவனைப் பற்றி ஒரே கேள்விதான்: பணியாளர் எண். அதை நிரப்பிவிட்டேன். மற்றவற்றுக்குப் படிவத்தில் இடம் போதாததால் இந்தக் கடிதம்.

மலேசியாவுக்கும் இந்தியாவுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். அந்த அரை மணியைத் தங்கள் வருகைப்பதிவு மென்பொருள் ஏற்பதில்லை. முழு எண்ணாகக் கேட்கிறது. இரண்டு என்று போட்டால் தினமும் அரை மணி தாமதமாக வருகிறேன். மூன்று என்று போட்டால் தினமும் அரை மணி முன்னதாக வந்து யாருக்கோ காக்கா பிடிக்கிறேன். இந்தியாவின் பொதுநேரம் 1906-இல் நடைமுறைக்கு வந்தது. தங்கள் மென்பொருளுக்குச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போலும்.

காலையில் கணினியைத் திறந்தால், "சந்தேகத்துக்குரிய நாட்டிலிருந்து நுழைவு" என்று பூட்டிக்கொள்கிறது. அந்த நாட்டுக்கு விமானச்சீட்டு எடுத்துக்கொடுத்தவர்கள் தாங்கள்தான். பூட்டைத் திறக்கும் எண் என் மலேசிய சிம்முக்குப் போகிறது. அந்த சிம்மை நிறுவனச் செலவில் உயிரோடு வைத்திருக்க முடியாது என்று தங்கள் பக்கத்து மேசைக்காரர்களே எழுதியிருக்கிறார்கள். உதவி கேட்கலாம் என்றால், உதவிக்கான விண்ணப்பத்தை நிறுவனக் கணினி வழியாக மட்டுமே அனுப்பவேண்டுமாம்.

இனி ஜெராக்ஸ் கடை விவகாரம். 180 நாளுக்கு மேற்பட்ட வேலை விசாவில் இந்தியா வருகிறவர் 14 நாளுக்குள் வெளிநாட்டவராகப் பதிவு செய்துகொள்ளவேண்டும். இப்போது எல்லாம் இணையத்தில்தான்: கடவுச்சீட்டு, விசா, வாடகை ஒப்பந்தம், நிறுவனத்தின் உறுதிக்கடிதம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, கேட்ட அளவுக்குச் சுருக்கி ஏற்றவேண்டும். மேசையில் தங்கள் விலையுயர்ந்த இயந்திரம் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. பென்டிரைவ் செருகினால் மறுத்தது. கைப்பேசியை இணைத்தால் மறுத்தது. சொந்த மின்னஞ்சலைத் திறந்தால் சிவப்புப் பலகை காட்டியது. பி.டி.எஃப். கோப்பைச் சுருக்கும் தளத்துக்குப் போனபோது, நான் வங்கிக்குக் கன்னம் வைக்கப் போனதுபோல் என் மேலாளருக்கே எச்சரிக்கை அனுப்பியது.

தெருமுனைக் கடைக்காரர் எதையும் மறுக்கவில்லை. "வாட்ஸ்அப்ல போடுங்க சார்" என்றார். பெங்களூரில் கண்டோன்மென்ட் காலத்திலிருந்தே தமிழ் புழங்குவதால் இந்த வாக்கியத்தை எனக்கு யாரும் பெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு கையால் யாருடைய ஆதார் அட்டைக்கோ பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டே, மறுகையால் என் கோப்புகளைச் சுருக்கி ஏற்றிக் கொடுத்தார். ஆகவே தாங்கள் நிம்மதியாக இருக்கலாம். என் கடவுச்சீட்டு தங்கள் கணினிக்குள் கடைசிவரை நுழையவில்லை. அது அவருடைய திரையில், ஒரு கல்யாணப் பத்திரிகைக்கும் யாரோ ஒரு மாணவியின் தேர்வு நுழைவுச்சீட்டுக்கும் நடுவில் இருக்கிறது. அழித்துவிடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். "இருக்கட்டும் சார், பதினோரு மாசம் கழிச்சு நீங்களே வருவீங்க" என்றார்.

அவர் சோதிடர் அல்லர். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அந்தச் செலவுக்குப் பயந்து வாடகை ஒப்பந்தம் எல்லாம் 11 மாதத்தோடு நின்றுவிடுகிறது. எந்த வாடிக்கையாளர் எப்போது திரும்பி வருவார் என்று அவருக்குத் தெரியும். தங்கள் பிரிவில் யாருக்காவது அப்படித் தெரியுமா?

மின்சாரம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள்: "மாற்று ஏற்பாடு: உண்டு / இல்லை." உண்டு. அவர் என் குடியிருப்பின் இரவுக் காவலர், ஒடிசாக்காரர். மின்சாரம் போனதும் கீழ்த்தளத்துக்கு ஓடி ஜெனரேட்டரைப் போடுகிறார். அவர் படியிறங்கும் நேரத்துக்குள் ரவுட்டர் அணைந்து, கூட்டத்தில் நான் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்கிறேன். "இணைப்பில் ஒழுங்கின்மை" என்று என் பெயரில் குறிப்பு ஏறுகிறது. அந்த மனிதருடைய முழங்கால் வலி தீராதவரை என் மதிப்பீடு உயர வாய்ப்பில்லை.

தாங்கள் கொடுத்தனுப்பிய சார்ஜருக்கு நம்மூர்த் தட்டை முள்கள். இங்கே சுவரில் வட்டத் துளைகள். அதிலும் 6 ஆம்பியருக்கு ஓர் அளவு, 16 ஆம்பியருக்கு வேறு அளவு. அங்கீகரிக்கப்பட்ட மாற்றியை மட்டுமே பயன்படுத்தவேண்டும் என்ற விதியை மதித்து விண்ணப்பித்தேன். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. பரிசீலனை முடியும்வரை பேட்டரி காத்திருக்காது என்பதால் எலக்ட்ரிக்கல் கடையில் ஒன்று வாங்கிக்கொண்டேன். கொஞ்சம் ஆடுகிறது. தங்கள் பாதுகாப்புக் கையேட்டின் அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கையேடு பயன்பட்டதற்கு முதல் சான்றாக இதைக் குறித்துக்கொள்ளலாம்.

பொது இடங்களில் கணினியைத் திறக்கக்கூடாது என்ற விதியை இந்த ஊரே எனக்காகக் காப்பாற்றுகிறது. தர்ஷினி உணவகங்களில் நாற்காலியே கிடையாது. நின்றுகொண்டே இட்லி, நின்றுகொண்டே ஒரு காபியை இருவர் பங்கிடும் பை-டூ. என் பங்குக் காபியை இறக்குவதற்குள் வீட்டில் என் பெயருக்குப் பக்கத்திலுள்ள பச்சைப்புள்ளி மஞ்சளாகி, நான் வேலை செய்யவில்லை என்று கோலாலம்பூர் முழுவதும் தெரிந்துவிடுகிறது.

கடைசியாக, வெளிநாட்டுப் படி. கணினிக்குள் நுழையும்போது நான் இந்தியாவில் இருப்பதால் சந்தேகம். நுழைந்தபின் தங்கள் வி.பி.என். என்னைக் கோலாலம்பூரில் காட்டுகிறது. அதைப் பார்த்த கணக்குப் பிரிவினர், கணினி ஊரைவிட்டு நகரவே இல்லை என்று முடிவுகட்டி வெளிநாட்டுப் படியை நிறுத்திவிட்டார்கள். நான் இங்கே இருப்பதற்குச் சான்று வேண்டுமாம்.

சான்று இருக்கிறது. நான் போகும் அலுவலக வளாகத்தின் வாயிலில் ஒரு நீளக் கோடுபோட்ட பதிவேடு உண்டு. நான் போகிற நாளெல்லாம் அங்குள்ள காவலர் தங்கள் கணினியைக் கவிழ்த்து, அடியில் உள்ள பொடியெழுத்து எண்ணைக் கண்ணைச் சுருக்கி வாசித்து, வந்த நேரம், போன நேரம் இரண்டையும் பேனாவால் எழுதி, எதிரே என்னிடம் கையெழுத்து வாங்குகிறார். அந்தப் பக்கங்களைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன். இடையிடையே தண்ணீர் கேன் வந்த கணக்கும் இருக்கும். அது வளாகத்தினுடையது, என் படியில் கழித்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
பணியாளர் எண் தாங்கள் அறிந்ததே.