மாட வீதியில் ஒரு மைனஸ்

வாடா பேராண்டி, உட்காரு. மூஞ்சி போற போக்கைப் பார்த்தா பிளஸ் டூ கணக்குப் புஸ்தகத்துல 'கலப்பு எண்கள்' பாடம் வந்தாச்சுன்னு தெரியுது. தி.நகர் கோச்சிங் கிளாஸுக்கு உங்க அப்பன் கட்டின பணத்துல எங்க ஊர்ல ஒரு ஜோடி உழவு மாடு வாங்கிடலாம். அத்தனையும் கட்டி, நீ என்ன பண்ணிட்டு வந்திருக்க? √-4, √-9 ரெண்டையும் பெருக்கி √36, ஆக 6. பலே! இன்னும் பத்து கணக்கு இப்படியே போடு. பேப்பர் பூரா சிவப்பு மையில கோலம் போட்டுத் தருவாங்க, மார்கழிக்கு வாசல்ல ஒட்டிக்கலாம்.

விடை -6டா. ரெண்டு மூலத்தையும் ஒண்ணாச் சேர்த்து ஒரே குறிக்குள்ள தள்ளுற விதி இருக்கே, உள்ள இருக்கிற ரெண்டுமே மைனஸா இருந்தா அது செல்லாது. முதல் காரியமா மைனஸை வெளியில எடுத்துடணும். √-1-க்கு 'ஐ'ன்னு பேர். √-4 என்பது 2 'ஐ'. √-9 என்பது 3 'ஐ'. பெருக்கினா 6, கூடவே 'ஐ'யை 'ஐ' பெருக்கி -1. சேர்த்தா -6. உனக்கு அவசரம், நேரா 36-க்குப் பாய்ஞ்சுட்ட.

ரொம்பக் குறுகிப் போகாதே. ஒன்பதாம் நூற்றாண்டுல ராஷ்டிரகூட ராஜா அமோகவர்ஷன் காலத்துல இருந்த மகாவீராசாரியாரே, குறை எண் இயல்பா எதுக்கும் வர்க்கமா வராது, அதனால அதுக்கு வர்க்கமூலம் கிடையாதுன்னு எழுதி வெச்சுட்டார். அவரோட 'கணித சார சங்கிரக'த்தை இங்கிலீஷ்ல பெயர்த்தவர் நம்ம பிரசிடென்சி காலேஜ் ரங்காசாரியார். 1912-ல சென்னை அரசாங்க அச்சகம் போட்டது. அதே வருஷம் மார்ச்சுலதான் எங்க கும்பகோணத்துப் பையன் ராமானுஜன் சென்னைத் துறைமுகத்துல மாசம் 30 ரூபா சம்பளத்துக்குக் குமாஸ்தாவா உட்கார்ந்தான். ஊரு ஒண்ணு, வருஷம் ஒண்ணு. ஒரு பக்கம் 'மூலம் இல்லை'ன்னு அச்சாகுது, இன்னொரு பக்கம் இவன்!

மகாவீரர் சொன்னது தப்பில்லை, பாத்துக்கோ. நேர்க்கோட்டுல எவ்வளவு தூரம் போனாலும் -1-க்கு மூலம் அகப்படாது. ஒரு தடவை திரும்பணும்.

மயிலாப்பூர்லயே பொறந்தவன், பங்குனித் தேர் பார்த்திருக்கியா, இல்லை போன்ல படம் பிடிச்சதோட சரியா? மாட வீதி முனைக்குத் தேர் வரும்போது வடம் பிடிக்கிறவங்களையே பார்க்காதே. அவங்க இழுப்பாங்க, சத்தம் போடுவாங்க, அவ்வளவுதான். கீழே சக்கரத்துக்கிட்ட குனிஞ்சு முட்டுக்கட்டையோட ஒரு ஆள் நிக்கிறான் பார், அவன் கட்டையைச் சக்கரத்துக்கு அடியில சொருகுற விதத்துலதான் அம்மாம்பெரிய தேர் முனகிக்கிட்டே கால் வட்டம் திரும்புது. உன் 'ஐ' அந்த முட்டுக்கட்டைதான். ஒரு தடவை பெருக்கினா ஒரு முனை திரும்பியாச்சு. ரெண்டாவது தடவை கிளம்பின திக்குக்கு நேர் எதிரே பார்க்கும், அது -1. மூணாவது, மைனஸ் 'ஐ'. நாலாவது முனை திரும்பினா பழையபடி 1. ஒரே வித்தியாசம், நாம வலமா வருவோம், கணக்கு வாத்தியார் இடமாச் சுத்துவார். சீமைப் பழக்கம், கோவிச்சுக்காதே.

இப்ப கூட்டலுக்கு வா. √-8 + √-18. உன் கை அரிக்கிறது தெரியுது, √-26-ன்னு எழுதத்தானே? எழுது, 7 சொச்சம் வரவேண்டிய இடத்துல 5 சொச்சம் வரும். எட்டை நாலு இரண்டாப் பிரி, 2√2 'ஐ'. பதினெட்டை ஒன்பது இரண்டாப் பிரி, 3√2 'ஐ'. ரெண்டுலயும் √2 'ஐ' ஒட்டிக்கிட்டு நிக்குது, அதனால கூட்டு, 5√2 'ஐ'. √-2-வும் √-3-வும் பக்கத்துல வந்தா? கும்பிட்டுட்டு அப்படியே விட்டுடு, ஒண்ணா ஆகாது.

1545-ல இத்தாலிக்காரர் கார்டானோ பத்தை ரெண்டாப் பிரிச்சு, பெருக்கினா 40 வரணும்னு பார்த்தார். 5 + √-15, 5 - √-15. கூட்டு, மூலம் ரெண்டும் அடிபட்டு 10. பெருக்கு, 25-ஓட 15 சேர்ந்து 40. சரியா வந்தும் மனுஷன், இது சூட்சுமம்தான் ஆனா பிரயோஜனமில்லைன்னு ஒதுக்கிட்டார். பிரயோஜனமில்லையாம்! 1926-ல ஷ்ரோடிங்கர் எழுதின அணுச் சமன்பாட்டுல முதல்லயே 'ஐ' உட்கார்ந்திருக்கு. அந்தச் சங்கதியெல்லாம் நம்ம லஸ் பக்கம் 'ஏகாம்ர நிவாஸ்' வீட்டுல இயற்பியல்காரர் அல்லாடி ராமகிருஷ்ணன் பசங்களைக் கூட்டி வெச்சுப் பேசினார். 1960-ல சென்னைக்கு வந்த அணு விஞ்ஞானி நீல்ஸ் போர் அந்தக் கூட்டத்தைப் பார்த்து அசந்து போனார். 1962 ஜனவரி 3-ல கணித அறிவியல் நிறுவனமே ஆரம்பிச்சாச்சு. இப்ப தரமணியில இருக்கு. அடையாறு தாண்டி நீ பிரியாணிக்குப் போற வழிதான்.

ராமானுஜனும் சின்ன வயசுல சைன், கொசைன் பத்தி என்னவோ கண்டுபிடிச்சான். ஆய்லர் அதை முன்னாடியே சொல்லிட்டார்னு தெரிஞ்சதும் வெட்கப்பட்டுக் காகிதத்தை வீட்டுக் கூரையில சொருகி வெச்சானாம். நீ உன் பேப்பரை எங்கே சொருகியிருக்க? மெத்தைக்கு அடியிலயா? உங்க பாட்டி காலையிலயே எடுத்துட்டா.

சரி, அழாதே. √-12 + √-27 - √-75. இதைப் போட்டுக் காட்டு. என்ன விடை வருதோ, அதை ஆயிரத்தால பெருக்கி ரொக்கமாத் தர்றேன். உங்க அப்பனையே சாட்சிக்குக் கூப்பிடு.