பயாஸ் பூட்டும் பயனாளியின் பெயரும்: புதுக்கோட்டையை முன்வைத்து ஓர் ஆய்வு

புதுக்கோட்டை சமஸ்தானம் 1929-இல் அச்சிட்ட கல்வெட்டுத் தொகுதியைப் புரட்டினால் ஓர் ஒழுங்கு புலப்படும். கொடுத்தவர் யார், பெற்றவர் யார், நிலத்துக்கு எல்லை எது என்பதையெல்லாம் கல்லிலேயே வெட்டிவிடுவார்கள். 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் இம்மரபில் பாதியைத்தான் பின்பற்றியது. கொடுத்தது யாரென்று மூடியே சொல்லும். பெற்றவர் பெயர்? எந்தப் பக்கம் திருப்பினாலும் கிடையாது. பயாஸ் பாஸ்வேர்டு மறந்துபோகும்வரை இது ஒரு குறையாகவே யாருக்கும் படுவதில்லை.

ஆய்வுக்களம், கீழராஜ வீதியில் ஒரு சர்வீஸ் கடை. ஆய்வுப்பொருள், பரணிலிருந்து இறங்கிய அந்தத் திட்டத்து மடிக்கணினி ஒன்று. பட்டனை அமுக்கினால் விண்டோஸும் வருவதில்லை, கூடவே கொடுத்த பாஸ் லினக்ஸும் வருவதில்லை. கறுப்புத் திரையில் ஒரு சின்னப் பெட்டி பயாஸ் பாஸ்வேர்டு கேட்கிறது. மூன்று முறை தப்பாக அடித்தால் அதுவும் உறைந்துவிடுகிறது.

இந்தப் பூட்டைத் திறக்கும் துறை அறிஞர்களில் மூத்தோர் பேட்டரிவாதிகள். "சிமாஸ் பேட்டரியக் கழட்டி அஞ்சு நிமிஷம் வைங்க, எல்லாம் அழிஞ்சிரும்" என்பது அவர்களது சூத்திரம். பழைய டெஸ்க்டாப்பில் இது பெரும்பாலும் பலிக்கும். அங்கே பாஸ்வேர்டு, 3 வோல்ட் வட்டப் பேட்டரியின் தயவில் உயிர்வாழும் நினைவகத்தில் இருந்தது. பெரும்பாலான மடிக்கணினிகளில் அது கரண்டே தேவைப்படாத சிப்பில் குடியிருக்கிறது. பேட்டரியைக் கழற்றினால் கடிகாரம்தான் பின்னுக்குப் போகும். வாதம் மட்டும் சாகவில்லை. என் கண்ணெதிரிலேயே அதே பேட்டரி இரண்டாம் முறையும் கழன்றது.

இளையோர் சிப்வாதிகள். எட்டுக்கால் சிப்பைக் கிளிப்பால் கவ்வி, உள்ளே இருப்பதைப் படித்து, மாற்றி எழுதுவார்கள். கை தவறினால் போர்டே போச்சு. கம்பெனிக்காரர்களோ, பொருள் உங்களுடையதுதான் என்று முதலில் நிரூபிக்கச் சொல்கிறார்கள். நியாயம்தான், திருடனும் 'மறந்துபோச்சு' என்றுதானே சொல்வான்.

மடிக்கணினியைக் கொண்டுவந்தவரிடம் கடைப் பையனும் அதையே கேட்டான்.

"பில்லு இருக்காண்ணே?"

"கவர்மெண்டு சும்மா குடுத்ததுக்கு ஏதுப்பா பில்லு?"

"அப்ப படிச்ச ஸ்கூல்ல ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க."

யோசனை சரியானதே. மடிக்கணினியைக் கையில் கொடுத்தபோது பள்ளியில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். பிளஸ் டூவில் போட்ட அந்தக் கையெழுத்து அவருக்கு இப்போதும் வருமா என்பது தனி ஆய்வுக்குரியது.