இறங்கத் தெரிந்தவன்

பழனி மலைக்கு 693 படிகள். அத்தனையும் நான் நிற்காமல் ஏறியவன். எங்கள் வீட்டில் இதை யாரும் முழுதாகக் கேட்டதில்லை. "பழனி" என்றதுமே மனைவி அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். ஏறியது 1991-இல்.

அமெரிக்காவிலிருந்து மகன் கூப்பிட்டான். "பெருவில் கோல்கா பள்ளத்தாக்கு. கிராண்ட் கேன்யனைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆழம். மூணு நாள் நடை, கூட வழிகாட்டி, ராத்திரி ஊர்க்காரங்க வீட்டிலே தங்கல். முடியுமாப்பா?"

"ஆழத்துக்கென்னடா, இறங்கத்தானே போறோம்" என்றேன். பழனியையும் சொல்லிவைத்தேன்.

அரெகிப்பா நகரிலிருந்து விடிகாலை மூன்று மணிக்கு வேன். வழியில் 4,910 மீட்டரில் ஒரு கணவாய். நம் தொட்டபெட்டாவே 2,637தான். தலை கிறுகிறுத்தது. வழிகாட்டிப் பையன் கோகா இலைப் பொட்டலத்தை நீட்டினான். இலையைக் கடைவாயில் ஒதுக்கி, கூடவே சாம்பலில் பிடித்த கட்டியில் ஒரு கிள்ளு சேர்க்க வேண்டுமாம். அட, நம் வெற்றிலையும் சுண்ணாம்பும்! காம்பைக் கிள்ளி, தொடையில் துடைத்து, மடித்து வாயில் போட்டேன். பையன் அசந்துபோனான். மூன்று நாளில் நான் அவனை அசத்தியது அந்த ஒரு தடவைதான்.

பள்ளத்தாக்கின் விளிம்பில் காண்டோர் கழுகு பார்க்க நிறுத்தினார்கள். விரித்தால் மூன்று மீட்டர் சிறகு. அதை அடிப்பதே அபூர்வம். வெயிலேறி அடியிலிருந்து காற்று கிளம்பும்வரை காத்திருந்து, அந்தக் காற்றின் மேல் உட்கார்ந்து ஓசியில் மேலே வருகிறது. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

மலைக்கோயில் என்றால் முதலில் ஏற்றம். முடியாவிட்டால் பாதியில் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். பள்ளத்தாக்கு வீட்டுக்கடன் மாதிரி. முதல் நாள் எல்லாம் சிரித்த முகம்தான். நானும் சிரித்துக்கொண்டே பொடிக்கல்லில் சறுக்கி, இரண்டு தடவை உட்கார்ந்து, சான் ஹுவான் தே சுச்சோ என்ற சிற்றூருக்கு வந்து சேர்ந்தேன்.

மண்சுவர் வீடு. பூவேலைத் தொப்பி அணிந்த அம்மாள் விறகடுப்பில் கீனுவா சூப் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார். கூடவே உருளைக்கிழங்கு. அது பிறந்த மலை இதுதான். பெருவில் மூவாயிரத்துக்கும் மேல் ரகம் உண்டாம். அறுபது வருஷமாகப் பொரியலாகவே தின்றவனுக்கு, வெறும் உப்போடு அவித்த கிழங்கு இத்தனை ருசிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. மனைவிக்குத் தமிழ், அந்த அம்மாளுக்குக் கெச்சுவாவும் ஸ்பானிஷும். அரை மணி நேரத்தில் என் முழங்கால் சமாசாரம் அடுப்படி முழுக்கத் தெரிந்துவிட்டது. இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பாஷை ஒரு தடையே இல்லை.

அடுப்போரம் கினிப்பன்றிகள் ஓடின. "ஏழு இருக்கு, பாவம், எவ்வளவு சமத்து" என்றாள் மனைவி. மறுநாள் காலை ஆறுதான். பக்கத்து மேசையில் ராத்திரி ஜெர்மன்காரர் எதையோ ரசித்துச் சாப்பிட்டது நினைவுக்கு வந்தது. நான் வாய் திறக்கவில்லை.

இரண்டாம் நாள் சங்காயே என்ற பசுஞ்சோலை. நீச்சல் குளம்கூட உண்டு. அதன் விளிம்பில் நின்று நிமிர்ந்தேன். நாளைக்கு ஏற வேண்டியது சுமார் 1,100 மீட்டர், ஒரே மூச்சில், விடியுமுன்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது பையன், "கோவேறு கழுதை யாருக்கு?" என்று பொதுவாகக் கேட்டான். கண் மட்டும் பொதுவாக இல்லை. நான் நட்சத்திரங்களைப் பார்த்தேன். மனைவி என் கையைப் பிடித்து உயர்த்தினாள்.

பாதை நெடுகக் கழுதை பள்ளத்தின் ஓரமாகவே நடந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டேன். மூச்சுவாங்க ஆறு தடவை நின்றது. மற்றக் கழுதைகள் நிற்கவில்லை. பின்னால் நடந்தே வந்த கழுதைக்காரருக்கு என் வயதுதான். கபனகொண்டே ஊரில் நான் இறங்கி ஒன்றரை மணி நேரம் கழித்து மனைவி நடந்து வந்து சேர்ந்தாள். "பழனி எப்படி?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று இரவு கணக்கு நோட்டைத் திறந்தாள். கழுதைக்குக் கொடுத்ததைப் 'போக்குவரத்து' என்று எழுதச் சொன்னேன். 'சுமைக்கூலி' என்று எழுதினாள்.