தேஞ்சுபோச்சு பாட்டி, அடுத்த ஆளை வரச்சொல்லு

"வயசாயிடுச்சுல்ல பாட்டி, ஜவ்வு தேஞ்சுபோச்சு."

நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்குப் பெயர் நோயறிதல். முழங்காலைத் தொட்டுப் பார்க்கும் பழைய வழக்கமெல்லாம் ஒழிந்தது. ஓபி சீட்டை நீட்டிய கை மடங்குமுன் டைக்ளோஃபெனாக் வந்துவிடும். அது வயிற்றைப் புண்ணாக்காமலிருக்க இன்னொரு மாத்திரை, ஒப்புக்குக் கொஞ்சம் கால்சியம். சிறுநீரகம் எப்படி, பிரஷர் உண்டா என்று விசாரித்தால் வரிசை நீளும். ஆகவே விசாரிப்பதில்லை.

உபதேசம் மட்டும் தாராளம். குத்தவச்சு உட்காராதீங்க, படி ஏறாதீங்க, ரொம்ப நேரம் நிக்காதீங்க. நாற்று நட்டுப் பிழைக்கிறவள் இதைக் கேட்டு நடந்தால் உலை எப்படிக் கொதிக்கும்? சீட்டில் அதற்கு இடமில்லை. அந்த உபதேசத்தை வாங்கவே அவள் படியேறி வந்து, பெஞ்சில் இடமில்லாமல் காலை முழுக்க நின்றாள். அங்குள்ள கழிப்பறையிலும் குத்தவைத்துத்தான் உட்கார வேண்டும்!

வலி தீராமல் டவுனுக்குப் போனால் எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ., குளுக்கோசமைன் மாத்திரை. 45 வயதைத் தாண்டியவருக்கு நடமாடும்போது வலித்து, காலை விறைப்பு அரை மணிக்குள் விட்டுப்போனால், வேறு சந்தேகம் இல்லாதவரை மூட்டுத் தேய்மானம் என்று சொல்லப் படமே தேவையில்லை என்கிறது பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டி. வலிக்கு முதலில் பூச்சு மருந்தாம். குளுக்கோசமைன் கூடவே கூடாதாம். பாவம், அவர்கள் வாசலில் மெடிக்கல் ரெப் காத்திருப்பதில்லை போலும்.

அந்த வழிகாட்டி எல்லாருக்கும் கொடுக்கச் சொல்வது உடற்பயிற்சியை. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டு, தொடையை இறுக்கு, ஐந்து எண்ணி இறக்கு. தொடைத்தசை உரமேற உரமேற வலி தணியும். முதல் சில நாள் வலித்தாலும் மூட்டு கெட்டுவிடாது என்று தைரியம் சொல்லவும் ஓர் ஆள் வேண்டும். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம். காசில்லாத வைத்தியம், அதுதான் அதன் குற்றம். டெண்டர் விட முடியாது, கமிஷன் கிடையாது. 2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருமென்று அறிவித்தார்கள். வட்டாரத்துக்கு விரல்விட்டு எண்ணும் ஆட்களை வைத்துக்கொண்டு எத்தனை ஊர், எத்தனை முழங்கால்!

கவலை வேண்டாம், முற்றிலும் முடங்கியபின் அரசுக் காப்பீட்டில் செயற்கை மூட்டு உண்டு. பழைய மூட்டுக்குப் பத்து நிமிடம் தராதவர்கள் புது மூட்டுக்கு ஆயிரமாயிரமாய் அள்ளித்தருவார்கள். தரட்டும். ஆபரேஷன் என்றால் பேனர் கட்டலாம். கிழவி காலை நீட்டி மடக்குவதன்மேல் யார் படத்தை ஒட்டுவது?