மாப்ளையும் பத்தாயிரம் அடியும்

வாரும் மாப்ளே, இப்படி உக்காரும். பென்சன் காசுல சூ வாங்கியாச்சு, அடி எண்ணுத வாட்ச்சும் கட்டியாச்சு. ராத்திரி முற்றத்துல குறுக்கும் மறுக்கும் நடந்தீரே, களவாணி வந்துட்டான்னு உம்ம அத்தை கம்பைத் தேடுதா! கேட்டா, பத்தாயிரத்துக்கு எண்ணூறு அடி குறையுதாம். அது வைத்தியர் எழுதிக் கொடுத்த கணக்கு இல்லவே. 1965-ல ஜப்பான்காரன் அடி எண்ணுத மானியை விக்கிறதுக்கு வச்ச பேரு. அவன் யாவாரத்துக்கு நீர் இன்னும் தவணை கட்டுதீரு.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிசம் கொஞ்சம் வேகமா நடந்தாலே போதும்னு சொல்லுது. எம்புட்டு வேகம்னா, பேச வரணும், பாட வரக்கூடாது. நீர் பாடாம இருந்தா தெருவுக்கும் நல்லது.

அதே ஆளுக சொன்ன இன்னும் ரெண்டை நைசா முழுங்கிட்டீரே! 65 தாண்டினவனுக்கு வாரத்துல 2 நாளாவது தசைக்கு வேலை, 3 நாளாவது தள்ளாடாம நிக்கப் பழக்கம். நேத்து திண்ணையில இருந்து எந்திரிச்ச லெச்சணத்தைப் பாத்தேன். ஒரு கை தூணுல, ஒரு கை என் தோள்ல, வாயில முருகா. பத்தாயிரம் அடி நடந்த காலுக்கு ஒரு திண்ணை இறங்க ரெண்டு துணையா?

நாற்காலியைச் சுவரோட ஒட்டிப் போடும். கையை நெஞ்சுல கட்டிக்கிட்டு எந்திரியும், பைய உக்காரும். தொப்புன்னு விழுந்தா அது நாற்காலிக்குத்தான் பயிற்சி. பைய இறங்கினாத்தான் தொடைக்கு வேலை. மூச்சை அடக்காதேயும், பிரஷர் ஏறும். எட்டுப் பத்து தடவை போதும். பொறவு அடுப்படி மேடையைப் புடிச்சுக்கிட்டு ஒத்தைக்கால்ல நில்லும். உம்ம அத்தை கொக்குன்னு சிரிப்பா, சிரிக்கட்டும். கக்கூசுல வழுக்கி இடுப்பெலும்பு முறிஞ்சா அவளே அழுவா.

சர்க்கரைக்கு மாத்திரை போட்டுட்டு வெறும் வயித்தோட ஓடாதேயும், மயக்கம் வந்து கிறுகிறுத்துப் போவீரு. அதுக்குன்னு திரும்புறப்போ ரெண்டு உளுந்தவடையா? வாட்ச்சு வடையை எண்ணாதுங்கிற தைரியம்! நெஞ்சை இறுக்கி வேர்த்துக் கொட்டினா, வாய்வுன்னு சோடா குடிச்சிட்டு மிச்ச அடியை நடக்காதேயும். இருந்த இடத்துல உக்காந்து 108-ஐக் கூப்பிடும்.

சரி, எந்திரியும் பாப்போம். தூணை விடும். என்னையும் விடும்... ஏய், மொதல்ல வேட்டியை இறுக்கிக் கட்டும்யா, தடுக்கப் போகுது!